உங்களுக்குத் தெரியுமா? ஈஸ்டர் வீட்டுக்கு எத்தனை வாசல்!

முதல் ஈஸ்டர் அன்று எல்லோரும் ஒரே மாதிரி நம்பவில்லை! யோவான் நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தைப் பிரித்துப் பாருங்கள். மொத்தம் 31 வசனங்கள்தான். அதற்குள் ஒவ்வொருவருக்கும் ஒரு தனி வழி!

யோவானுக்குப் போதுமாக இருந்தது துணி! கல்லறைக்குள் போய்ப் பார்த்தார். சுற்றியிருந்த துணி கிடந்தது. தலையில் கட்டிய துணி தனியாகச் சுருட்டி வைத்திருந்தது. இயேசுவை நேரில் பார்க்கவே இல்லை. நம்பிவிட்டார்!

மகதலேனா மரியாளோ ஆளை நேருக்கு நேர் பார்த்தும் நம்பவில்லை! தோட்டக்காரர் என்று நினைத்துக்கொண்டார். அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் புரிந்தது. ஒரே ஒரு சொல்!

எம்மாவு ஊருக்கு நடந்த இரண்டு பேரின் கதை இன்னும் அதிசயம். இது லூக்கா சொல்வது. சுமார் 11 கிலோமீட்டர் வழி. கூடவே இயேசு நடக்கிறார், பேசிக்கொண்டே வருகிறார், வேதத்தை விளக்குகிறார். அடையாளம் தெரியவில்லை! ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்து அப்பத்தைப் பிட்டார். அந்த நொடியில் தெரிந்தது. சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு, அதே 11 கிலோமீட்டரை இருட்டில் திரும்பி நடந்தார்கள்!

பேதுருவுக்கும் நண்பர்களுக்கும் பிறகு ஏரிக்கரையில் இன்னொரு ஈஸ்டர். வலையில் விழுந்த மீன்களின் எண்ணிக்கையை யாரோ உட்கார்ந்து எண்ணியிருக்கிறார்கள். 153!

இப்போது தோமையார். விரலைக் காயத்தில் வைத்துப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்றவர். தொட்டுப் பார்த்தார் என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்? நற்செய்தியில் தொட்டதாக ஒரு வரிகூட இல்லை! தொடச் சொன்னார் இயேசு. அதைக் கேட்டதுமே தோமையார் சரணடைந்துவிட்டார்!

எல்லோருக்கும் கடைசியாக நம்பிய அந்த ஆள்தான் எல்லோரையும்விடத் தூரமாக வந்தார் என்கிறது நம் ஊர் மரபு. கி.பி. 52ல் கேரளக் கரை. பிறகு சென்னை. சின்னமலை, பரங்கிமலை, சாந்தோம் மூன்றும் அவர் பெயரைச் சொல்லும் இடங்கள். சந்தேகப்பட்டவரின் பெயரில் ஒரு மலை!

நான்கு நற்செய்திகளும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகின்றன. காலி கல்லறைக்கு முதலில் போனவர்கள் பெண்கள்! பெண்ணின் சாட்சிக்குப் பெரிதாக மதிப்புத் தராத காலம் அது. முதல் சாட்சியே அவர்கள்தான்!

தமிழ் பைபிளில் ‘ஈஸ்டர்’ என்ற சொல்லே கிடையாது! சீர்திருத்த சபையாரின் பைபிளில் பஸ்கா. கத்தோலிக்கர் வாயில் பாஸ்கா. எபிரேயச் சொல்லின் தமிழ் உருவம். பொருள், கடந்து போதல்!

பங்குனி உத்திரத்துக்கும் ஈஸ்டருக்கும் பல வருடங்களில் ஒரே நிலா! மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் பௌர்ணமி. அதற்கு அடுத்த ஞாயிறு ஈஸ்டர். 2024ல் பங்குனி உத்திரம் மார்ச் 25. ஈஸ்டர் மார்ச் 31. குமாரசாமிப்பேட்டை முருகனைப் பார்த்துவிட்டு வந்த தருமபுரிக்காரர் அண்ணாந்து பார்த்த அதே நிலா தேய்ந்து முடிவதற்குள் பக்கத்து வீட்டுக்காரருக்குப் பண்டிகை!

ஈஸ்டர் மிகச் சீக்கிரம் வந்தால் மார்ச் 22. கடைசியாக அப்படி வந்தது 1818ல். அடுத்தது 2285ல்! 467 வருட இடைவெளி!

தவக்காலம் 40 நாள் என்பார்கள். திருநீற்றுப் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின சனி வரை விரல் விட்டு எண்ணுங்கள். 46 வரும்! ஞாயிற்றுக்கிழமைகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆறு ஞாயிறு. கணக்கு சரி!

இனி ஈஸ்டருக்கு முந்தின இரவுக்கு வாருங்கள். இதைத்தான் சொல்லத் துடித்துக்கொண்டிருந்தேன்!

தருமபுரி திரு இருதய ஆண்டவர் பேராலயமா, கோவிலூரா, பி.பள்ளிப்பட்டி லூர்து அன்னை ஆலயமா? எதுவானாலும் சரி. பெரிய சனி ராத்திரி கோவிலுக்குள் ஒரு விளக்கும் எரியாது. வெளியே நெருப்பு மூட்டுவார்கள். அதிலிருந்து ஒரே ஒரு திரி. அதுதான் பாஸ்கா திரி. அதிலிருந்து ஒருவர் பற்றவைக்க, அவரிடமிருந்து பக்கத்தில் இருப்பவர் பற்றவைக்க, சில நிமிடத்தில் கோவிலே சுடராக நிற்கும். உருகிய மெழுகு விரலில் சொட்டும். ஒரு குழந்தைகூட அழாது. நின்று பார்த்தவர்களைக் கேளுங்கள்!

அந்தத் திரியில் ஐந்து சாம்பிராணி மணிகள் பதித்திருக்கும். ஐந்து காயங்கள்! கிரேக்க எழுத்துகளில் முதலும் கடைசியும் இருக்கும். கூடவே அந்த ஆண்டின் நான்கு இலக்கங்கள். போன வருடத் திரி இந்த வருடம் செல்லாது!

அன்று பாடப்படும் பாஸ்கா புகழுரையில் தேனீக்களையும் நினைத்துப் பாடுகிறார்கள்! மெழுகு தந்ததற்காக. திருச்சபையின் மிகப் பெரிய இரவில் ஒரு சின்னப் பூச்சிக்குப் பங்கு!

வாசகங்கள் எத்தனை தெரியுமா? பழைய ஏற்பாட்டிலிருந்து 7. பிறகு திருமுகம். பிறகு நற்செய்தி. ஆக மொத்தம் 9! உலகம் படைக்கப்பட்டதில் தொடங்கி காலி கல்லறை வரை ஒரே ராத்திரியில்!

அதன் பிறகு தண்ணீர். பெரியவர்களாக நம்பிக்கைக்கு வருபவர்கள் காத்திருந்த நேரம். தலையில் மூன்று முறை தண்ணீர். உடனே எண்ணெய் பூசி உறுதிபூசுதல். சற்று நேரத்தில் முதல் நற்கருணை. கிறிஸ்தவ வீட்டில் பிறந்த பிள்ளைக்கு இந்த மூன்றும் முடியப் பல வருடம் ஆகும். இவர்களுக்கு ஒரே இரவு!

கூட நிற்பார்கள் ஞானத்தகப்பனும் ஞானத்தாயும். வயது வித்தியாசமே பார்ப்பதில்லை. 50 வயதுக்காரருக்கு 30 வயதில் ஞானத்தகப்பன் இருக்கலாம்!

1950 வரை இந்த ‘இரவு’ வழிபாடு எப்போது நடந்தது தெரியுமா? பெரும்பாலான இடங்களில் சனிக்கிழமை காலையில்! பட்டப்பகலில் திரியை ஏற்றி இருளைப் பற்றிப் பாடிக்கொண்டிருந்தார்கள். 1951ல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் பரிசோதனையாக இரவைத் திருப்பித் தந்தார். 1956 முதல் உலகம் முழுக்க அதுவே சட்டம். உங்கள் தாத்தா சிறுவயதில் பகலில்தான் பாஸ்கா பார்த்திருப்பார்!

ஆதிகாலத்தில் இன்னும் கடுமை. ஞானஸ்நானம் கேட்டவுடன் கிடைக்காது. மூன்று வருடம் காத்திருக்க வேண்டும் என்கிறது ஒரு பழைய ஒழுங்கு நூல்! நீ என்ன வேலை செய்கிறாய் என்று முதலில் கேட்பார்கள். சில தொழில்களை விட்டால்தான் உள்ளேயே விடுவார்கள்!

அன்றைய எருசலேமில் மேற்கே திரும்பி நின்று சாத்தானை விட்டுவிட வேண்டும். பிறகு அப்படியே கிழக்கே திரும்பி கிறிஸ்துவை ஏற்க வேண்டும். இருட்டும் திசைக்கு முதுகு, சூரியன் உதிக்கும் திசைக்கு முகம்!

தண்ணீரிலிருந்து எழுந்து வந்தவர்களுக்கு முதலில் என்ன கொடுத்தார்கள்? பாலும் தேனும்! குழந்தை பிறந்தால் நாக்கில் தேன் தடவுவதை நம் வீட்டில் பார்த்திருக்கிறோமே. எனக்கு உடம்பு சிலிர்த்த இடம் இது!

உலகின் புகழ்பெற்ற ஈஸ்டர் ஞானஸ்நானம் மிலான் நகரில் நடந்தது. ஆண்டு 387. அகுஸ்தீன்! தகப்பனும் மகனும் நண்பனும் ஒரே இரவில் ஒரே தொட்டியில். மகன் அதேயோதாத்துஸ், நண்பன் அலிப்பியுஸ். கொடுத்தவர் ஆயர் அம்புரோஸ். அந்த வருடம் ஈஸ்டர் ஏப்ரல் 25. அதற்கு மேல் ஒரு நாள்கூடத் தள்ளிப்போக முடியாத தேதி! அம்மா மோனிக்கா அழுது அழுது காத்திருந்தது எவ்வளவு காலம் என்று கேளுங்கள். பல வருடம். பார்த்துவிட்டார். அதே ஆண்டிலேயே கண்ணை மூடினார்!

அந்தத் தொட்டி இன்னும் இருக்கிறது! மிலான் பேராலயத்துக்கு அடியில், எட்டுக்கோண வடிவில். ஏன் எட்டு? ஏழு நாளில் வாரம் முடிகிறது. உயிர்த்தெழுந்தது எட்டாம் நாள்!

இங்கிலாந்தில் ஒரு ராஜாவே ஈஸ்டர் அன்று தண்ணீரில் இறங்கினார். நார்தம்பிரியா அரசர் எட்வின். யார்க் நகரம், 627 ஏப்ரல் 12. விசேஷம் என்னவென்றால் அவருடைய கைக்குழந்தை மகள் அவருக்கு முந்திக்கொண்டாள்! 626லேயே ஞானஸ்நானம்!

இப்போது கதை முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். 2025 ஈஸ்டரில் பிரான்ஸ் நாட்டில் மட்டும் ஞானஸ்நானம் பெற்ற பெரியவர்கள் 10,384 பேர்! முந்தின வருடத்தைவிட 45 சதவீதம் கூடுதல். அதில் பெரும்பங்கு இளவட்டங்கள்!

சரி, நம் பக்கம் திரும்புவோம். தமிழ்நாட்டில் 2011 கணக்குப்படி 100 பேரில் 6 பேர் கிறிஸ்தவர். தருமபுரி மாவட்டத்தில் அதைவிட மிகக் குறைவு. ஆனால் கதைகள் குறைவில்லை!

தருமபுரி மறைமாவட்டத்துக்கு வயது என்ன? 1997 ஜனவரி 24ல் பிறந்தது! சேலம் மறைமாவட்டத்திலிருந்து பிரிந்த பிள்ளை. ஆனால் கோவிலூர் கத்தோலிக்கர்கள் அதற்கு எத்தனையோ தலைமுறை மூத்தவர்கள். பிள்ளைகள் பாட்டன் ஆன பிறகு வீடு கட்டிய கதை!

அதன் முதல் ஆயர் ஜோசப் அந்தோணி இருதயராஜ். சலேசிய சபைக்காரர். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டமும் இந்த ஒரே மறைமாவட்டத்துக்குள். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசும் மண்! முதல் பெந்தெகொஸ்தே நாளில் பல மொழி கேட்டதாமே. இங்கே தினமும் கேட்கும்!

சேலம் சீமைக்கு இந்த நம்பிக்கை எப்படி வந்தது? காவி கட்டிக்கொண்டு வந்தது! ராபர்ட் தெ நோபிலி. இத்தாலிக்காரர். 1606ல் மதுரை. மரக்கறிச் சாப்பாடு, பாதக்குறடு, சந்தனம். தத்துவ போதகர் என்று பெயர். 1623ல் வடக்கே நடந்து சேலம் வந்து சேர்ந்தார். 1625ல் அவரிடம் ஞானஸ்நானம் பெற்றவர் யார்? சேலம் நாயக்கரின் அண்ணன், திருமங்கலம் நாயக்கர்! அரசுரிமையைப் பறிகொடுத்துவிட்டு நின்ற மனிதர். ஒரு நாடு போயிற்று, இன்னொன்று கிடைத்தது!

அதே நோபிலிக்கு சமஸ்கிருதம் கற்றுக்கொடுத்த குரு சிவதர்மர். பாடம் சொல்ல வந்தவர்தான். 1609ல் அவரே மாணவரிடம் ஞானஸ்நானம் பெற்றார்! யார் குரு, யார் சீடர்?

ஜப்பானுக்குப் போக வேண்டிய மிஷன் கிருஷ்ணகிரிக்கு வந்தது தெரியுமா? அமெரிக்காவின் மிசௌரி லுத்தரன் சபை 1893ல் கண் வைத்தது ஜப்பான் மேல். திடீரென்று திசை மாறியது. தமிழ் தெரிந்த இரண்டு ஜெர்மானியர் கையில் கிடைத்துவிட்டார்கள்! தியோடர் நேதர், பிரான்ஸ் மோன். 1895ல் கிருஷ்ணகிரி. இன்று இந்தியா சுவிசேஷ லுத்தரன் திருச்சபை என்று நாம் சொல்வதன் விதை அங்கே விழுந்ததுதான்!

1904ல் கிருஷ்ணகிரியில் பிளேக். நேதர் ஊரை விட்டு ஓடவில்லை. அவரும் போனார். அவருடைய இரண்டு குழந்தைகளும் போனார்கள். ஒரே ஆண்டில்! இதை எழுதும்போது கை கொஞ்சம் நின்றது.

கிருஷ்ணகிரி கதையை ஏன் தருமபுரிப் பத்தியில் சொல்கிறாய் என்கிறீர்களா? 1965 அக்டோபர் 2 முதல் 2004 பிப்ரவரி 9 வரை இரண்டும் ஒரே மாவட்டம்! 38 வருடத்துக்கும் மேல் ஒரே வீடு!

தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி மலைக்காரர்களை ‘மலையாளிகள்’ என்பார்கள். கேரளாவுக்கும் அவர்களுக்கும் சம்பந்தமே இல்லை! மலையை ஆள்பவர்கள். காஞ்சிபுரத்திலிருந்து ஏறி வந்தோம் என்பது அவர்கள் சொல்லும் கதை. கொல்லிமலையிலும் இதே மக்கள். அங்கே நடந்ததைக் கேளுங்கள்!

ஜெஸ்ஸி பிராண்ட், எவிலின் பிராண்ட். இங்கிலாந்துத் தம்பதி. கொல்லிமலையில் வீடு. வைத்தியம் பார்த்தார்கள், பள்ளிக்கூடம் நடத்தினார்கள், பேசினார்கள். வருடக்கணக்கில் ஒருவரும் நம்பவில்லை! முன்னால் நின்று எதிர்த்தவர் உள்ளூர்ப் பூசாரி. பூசாரிக்குக் காய்ச்சல் கண்டது. சாகக் கிடந்தார். சொந்தக்காரர்கள் பயந்து ஒதுங்கினார்கள். பக்கத்தில் போனவர்கள் இந்த இரண்டு பேர். பூசாரி தன் பிள்ளைகளை யாரிடம் ஒப்படைத்தார் தெரியுமா? அவர்களிடமே! மலைக்காரர்கள் அதற்குப் பிறகுதான் காது கொடுத்தார்கள். பிரசங்கத்தால் திறக்காத கதவு அந்தப் பிள்ளைகளால் திறந்தது!

1929ல் ஜெஸ்ஸி காய்ச்சலில் இறந்தார். எவிலின் வேலையை விட்டுவிடவில்லை! ஓய்வு பெறும் வயதில் மிஷன் வேலையை முடித்துவிட்டு, சொந்தப் பொறுப்பில் மறுபடி மலையேறினார். கல்ராயன் மலை வரை. மட்டக்குதிரை மேல், கிழவி! 1974ல் இறந்தபோது வயது 95!

அவர்களுடைய மகன் 1914ல் பிறந்தார், கொல்லிமலையில் வளர்ந்தார். வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை செய்து நிமிர்த்திய பால் பிராண்ட் அவர்தான்!

1876–78 தாது வருடப் பஞ்சம். அன்றைய சேலம் ஜில்லாவில் 1871ல் சுமார் 19 லட்சத்து 67 ஆயிரம் பேர். 1881ல் 16 லட்சம்! மூன்றரை லட்சத்துக்கும் மேல் குறைந்தார்கள். தருமபுரியும் அந்த ஜில்லாவுக்குள்தான்!

அதே பஞ்சத்தில் ஓங்கோலில் ஒரு மிஷனரி என்ன செய்தார் தெரியுமா? ஞானஸ்நானம் கேட்டவர்களுக்குக் கொடுக்க மறுத்தார்! ஜான் கிளவ். கஞ்சிக்காக வருகிறார்களோ என்ற பயம். ஒரு வருடத்துக்கும் மேல் தள்ளிவைத்தார். கஞ்சி நின்றது. கூட்டம் நிற்கவில்லை! 1878 ஜூலை 3, குண்டலகம்மா ஆறு. ஒரே நாளில் 2,222 பேர்! ஒரு நேரத்தில் இரண்டு போதகர்கள்தான் தண்ணீரில். ஆறு பேர் முறை வைத்து மாறிக்கொண்டார்கள்!

அதற்கும் முன்னால் ஒரு கணக்கு. சவேரியார் 1544ல் தென் திருவிதாங்கூர்க் கரையில் ஒரே மாதத்தில் ஞானஸ்நானம் கொடுத்தது 10,000 பேருக்கு மேல்! தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கை ஓய்ந்துபோகும் என்று அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார்!

பத்தாயிரத்திலிருந்து ஐந்துக்கு வாருங்கள். தரங்கம்பாடியில் சீகன்பால்க் 1706ல் இறங்கினார். அடுத்த வருடம் மே 12ல் முதல் ஞானஸ்நானம். ஐந்து பேர். ஐந்து பேரும் யார்? டேனிஷ்காரர் வீட்டு அடிமைகள்! அவர் சொன்ன நற்செய்தியை, அவரை அனுப்பிய நாட்டவர் விலைக்கு வாங்கிய மனிதர்கள்தான் முதலில் ஏற்றார்கள்!

தோற்றுப்போன ஒரு தளபதி சொன்ன கதையால் ஒரு புனிதர் கிடைத்தார்! 1741 குளச்சல் போர். டச்சுக்காரர் டிலனாய் மார்த்தாண்டவர்மாவிடம் தோற்றார், பிறகு அவர் படைக்கே தளபதி ஆனார். அரண்மனை அதிகாரி நீலகண்டப் பிள்ளை அவரிடம் தன் கஷ்டங்களைச் சொல்லி வருந்தினார். மாடுகள் செத்தன, சொத்து கரைந்தது, வீட்டில் நிம்மதி இல்லை. டிலனாய் சொன்ன பதில் ஒரு கதை. யோபு! மாடும் மனையும் மக்களும் போன மனிதரின் கதை. பிள்ளைவாள் பிடித்துக்கொண்டார். 1745 மே 14ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம்.

பெயர் என்ன வைத்தார்கள்? லாசரு. எபிரேய மூலத்தில் அதன் பொருள், கடவுள் உதவினார். அதை அப்படியே தமிழாக்கினால்? தேவசகாயம்! கல்லறையிலிருந்து எழுந்து வந்தவனின் பெயர்!

அந்த வருடம் ஈஸ்டர் ஏப்ரல் 18. பாஸ்கா காலம் 50 நாள். மே 14 அதற்குள்ளேயே விழுகிறது! ஈஸ்டர் மகிழ்ச்சி ஓய்வதற்குள் அவருக்கு ஈஸ்டர் வந்துவிட்டது!

மனைவி பார்கவியும் பின்னாலேயே வந்தார். அவருக்குக் கிடைத்த பெயரைக் கேட்டால் உருகிவிடுவீர்கள். ஞானப்பூ!

தேவசகாயத்தை எருமை மேல் ஏற்றி ஊர் ஊராக இழுத்துப்போனார்கள். 1752 ஜனவரி 14, காற்றாடிமலை. சுட்டார்கள். 270 வருடம் கழித்து 2022 மே 15ல் ரோமில் புனிதர் பட்டம். துறவி அல்ல, குரு அல்ல. குடும்பஸ்தர்! இந்தியப் பொதுநிலையினரில் முதல் புனிதர்!

உடன்கட்டை நெருப்பிலிருந்து காப்பாற்றப்பட்ட தஞ்சாவூர் விதவை ஒருத்தி. கிளாரிந்தா. ஸ்வார்ட்ஸ் ஐயர் முதலில் ஞானஸ்நானம் தர மறுத்தார். அவள் விடவில்லை. 1778ல் பெற்றாள். பாளையங்கோட்டையில் அவளால் 1785ல் எழுந்த கோவிலை ஊரார் எப்படிச் சொல்கிறார்கள்? பாப்பாத்தியம்மாள் கோவில்!

சிதம்பரம் யாத்திரை போனவர் வேதமாணிக்கமாகத் திரும்பினார்! கன்னியாகுமரிப் பக்கத்து மயிலாடிக்காரர் மகாராசன். சிதம்பரத்தில் மனது நிறையவில்லை. திரும்பும் வழியில் தஞ்சாவூரில் உறவினர் வீடு. அங்கே கேட்டது பிரசங்கம். மிஷனரி ரிங்கல்தௌபே 1806ல் வந்து சேர்வதற்கு முன்பே மயிலாடியில் விதை முளைத்திருந்தது!

கம்பனைக் கரைத்துக் குடித்த வைணவர் ஹெச்.ஏ. கிருஷ்ணபிள்ளை. கிறிஸ்தவப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கப் போனார். 1858ல் ஞானஸ்நானம். ‘இரட்சணிய யாத்திரிகம்’ நூலாக வந்தது 1894ல். 36 வருடம்! மதம் மாறியது, கம்பன் நடை மாறவில்லை!

தலைகீழான ஒன்றும் சொல்கிறேன். பெர்சிவல் பாதிரியாருக்கு பைபிள் மொழிபெயர்ப்பில் கை கொடுத்தவர் யார் தெரியுமா? யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர்! வரி வரியாகப் படித்தார், செப்பனிட்டார். கடைசி வரை சைவர்! புத்தகத்தைக் கரைத்துக் குடித்தாலும் அழைப்பு வேறு!

பக்கத்து மைசூரில் வேலை செய்த துபுவா பாதிரியார் 1792ல் வந்தார், 1823ல் திரும்பினார். 31 வருடம்! போய் எழுதியது என்ன? இந்துக்களை மனம் மாற்றுவது நடக்காத காரியம்! ஆனால் அம்மைத் தடுப்பூசி போட்டுக்கொள்ள மக்களைச் சம்மதிக்க வைத்தார். 1803–04ல் 25,432 பேர்!

தண்ணீர் தலையில் விழுந்தால் காகிதத்திலும் நிலை மாறும்! பட்டியல் சாதியில் பிறந்தவர் கிறிஸ்தவரானால் பட்டியலில் இடமில்லை. 1950 குடியரசுத் தலைவர் ஆணை. 1956ல் சீக்கியரைச் சேர்த்தார்கள். 1990ல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவர் இன்னும் வெளியேதான்! தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர். உதவித்தொகை போகும், தொகுதி போகும் என்று தெரிந்தே அந்த இரவில் வரிசையில் நிற்பவர்கள் உண்டு. அவர்களை நினைத்தால் எனக்கு வார்த்தை வருவதில்லை!

சித்தேரி மலையாளிகளுக்கு அந்தச் சிக்கல் இல்லை! பழங்குடியினருக்கு மதம் மாறினாலும் பட்டியல் மாறாது. ஒரே மாவட்டம், மலைக்கு மேலே ஒரு விதி, கீழே ஒரு விதி!

சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைகளில் ஈஸ்டர் என்றால் கோழி கூவும் முன் ஆராதனை. அதுவும் கல்லறைத் தோட்டத்தில் என்றால் கேட்கவே வேண்டாம்! இந்தப் பழக்கம் எங்கே தொடங்கியது? ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட். 1732. மொரேவிய இளைஞர்கள் சிலர் விடியலில் கல்லறை மேட்டுக்கு ஏறிப் பாடினார்கள். 1760ல் அதே மொரேவியர்கள் தரங்கம்பாடிக்கும் வந்து தோட்டம் போட்டார்கள்!

2019 ஏப்ரல் 21 ஈஸ்டர். மட்டக்களப்பு சீயோன் சபை. ஞாயிறு பள்ளி முடிந்த குழந்தைகள். குண்டு. இலங்கை முழுதும் அன்று இறந்தவர்கள் 250க்கும் மேல். கொழும்பு கொச்சிக்கடை அந்தோணியார் கோவில் எத்தனை நாளில் மறுபடி திறந்தது? 52 நாளில்! ஜூன் 12. அடுத்த நாள் அந்தோணியார் திருநாள்!

திரும்பவும் அந்தப் பாஸ்கா திரிக்கு வருகிறேன். அந்த இரவோடு அதன் வேலை முடிவதில்லை. வருடம் முழுக்க ஒவ்வொரு ஞானஸ்நானத்துக்கும் அதிலிருந்துதான் சுடர். ஒருவர் இறந்தால் சவப்பெட்டி பக்கத்தில் அதே திரி!

ஆதிகாலத்தில் அந்த இரவில் ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு வெள்ளை உடை. எட்டு நாள் கழற்றவே மாட்டார்கள்! அடுத்த ஞாயிறு வரை அதோடுதான் கோவிலுக்கு வருவார்கள். லத்தீனில் அந்த ஞாயிறுக்கே வெள்ளை உடை ஞாயிறு என்று பெயர்.

அந்த எட்டாம் நாள், கத்தோலிக்கக் கோவில்களில் வருடா வருடம் தவறாமல் ஒரே நற்செய்திதான் வாசிக்கிறார்கள். புதிதாக நம்பியவர்கள் உட்கார்ந்து கேட்பது யாருடைய கதை தெரியுமா?

விரலை வைத்துப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்ற தோமையாரின் கதை!